உறைபனியில் விமான இன்ஜினைச் சூடேற்றுவது எதற்காக?

கேள்வி: அலாஸ்காவில் சிறிய விமானம் ஓட்டுபவர்கள், குளிர்காலத்தில் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இன்ஜினை வெளியிலிருந்து சூடேற்றுகிறார்கள் என்று படித்தேன். பேட்டரி நன்றாக இருந்து இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும் என்றால், அதை ஓடவிட்டே சூடாக்கிக்கொள்ளலாமே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்தே. ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்குவதுண்டு. அந்தக் குளிரில் ஒரே இன்ஜினுக்குள் இருக்கும் இரண்டு உலோகங்கள் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. வெளிக்கூடான கிராங்க்கேஸ் அலுமினியம். உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எஃகு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குவதால், கூடு தண்டை நெருக்கத் தொடங்குகிறது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு என்று வைத்துக் கணக்கிட்டால், வெப்பநிலை 50 டிகிரி குறையும்போது, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கில் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் காணாமல் போகும். அங்கே விடப்படும் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான் என்பதால், இது சிறிய இழப்பு அல்ல.

அந்தக் குறுகிய இடைவெளிக்குள் புக வேண்டிய ஆயிலோ, மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போல நகர மறுக்கும். ஆயில் வந்து சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. சிலிண்டரிலும் இதே கதைதான்: எரியும் வாயுவின் சூட்டில் அலுமினியப் பிஸ்டன் சில நொடிகளில் விரிந்துவிட, குளிர்விக்கும் தகடுகளோடு வெளிக்காற்றில் நிற்கும் எஃகுச் சிலிண்டர் இன்னும் சில்லென்றே இருப்பதால், பிஸ்டன் சுவரைக் கீறிவிடக்கூடும். ஆகவே விமான இன்ஜின் தயாரிக்கும் நிறுவனங்களில், லைகோமிங் நிறுவனம் தன் பெரும்பாலான இன்ஜின்களை மைனஸ் 12 டிகிரிக்குக் கீழும், கான்டினென்டல் நிறுவனம் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழும் முன்கூட்டியே சூடேற்றச் சொல்கின்றன.

சூடேற்றாமல் முயல்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எரிபொருள் ஓரிரு முறை மட்டும் பற்றி எரிந்து இன்ஜின் நின்றுவிட்டால், எரிதலில் உண்டான நீராவி ஸ்பார்க் பிளக்கின் முனைகளில் பனியாக உறைந்து பொறியை அடைத்துவிடும். பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கினாலொழிய அதன்பின் எத்தனை முறை சுழற்றினாலும் பயனில்லை.

1920-களில் அலாஸ்காவில் பறந்தவர்களுக்கு மின்சார ஹீட்டர் கிடையாது. மாலையில் இறங்கியதும், சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்து எடுத்து அடுப்பருகே வைப்பார்கள். காலையில் இன்ஜின்மீது கித்தானைக் கூடாரம்போல் போர்த்தி, அதற்குள் பெட்ரோல் அடுப்பை எரியவிட்டு, கித்தானில் தீப்பற்றிவிடாதபடி பக்கத்திலேயே காவல் இருப்பார்கள். சூடாக்கிய ஆயிலை ஊற்றியவுடன் ஸ்டார்ட் செய்தாக வேண்டும். அவர்கள் ஆயிலோடு நிறுத்தாமல் உலோகத்தையும் சூடேற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இப்போது ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டும் ஹீட்டர் கிடைக்கிறதாமே, அது மட்டும் போதாதா? குளிர்காலம் முழுவதும் அதைப் போட்டே வைக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அது மட்டும் இருந்தால், சில மணி நேரத்தில் ஆயில் சூடாகியிருக்கும், பேரிங்குகளும் சிலிண்டர்களும் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். இன்ஜின்மீது கனமான போர்வையைப் போர்த்தி, காற்று நுழையும் வாய்களை அடைத்து, இரவு முழுவதும் விட்டால்தான் வெப்பம் மெல்ல மேலேறும். சிலிண்டர்களுக்கும் தனித்தனி ஹீட்டர் பொருத்துவது மேல் என்பேன். குழாய் வழியே சூடான காற்றைச் செலுத்துபவர்களும் அவசரப்படக் கூடாது. பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க ஊதினால் ரப்பர்க் குழாய்கள்தான் கெடும், நடுவில் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்குச் சூடு எட்டாது.

மாதக்கணக்கில் பறக்காத விமானத்தில் இந்த ஹீட்டரைப் போட்டே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயிலில் கலந்துள்ள ஈரம் சூட்டில் ஆவியாகி எழுந்து, மேலே குளிர்ந்திருக்கும் பாகங்களில் நீராகப் படியும். லைகோமிங் இன்ஜின்களில், வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருப்பதால், துரு முதலில் அதைத்தான் பிடிக்கும். பறப்பதற்கு முந்தைய இரவு ஹீட்டரைப் போட்டால் போதும்.