கேள்வி-பதில்: ரெனொவேட் பண்ண வீடாம், எதை பண்ணாங்க?

கேள்வி: நியூயார்க், குயீன்ஸ்ல டூ-ஃபேமிலி செங்கல் வீடு. ஃபுல்லி ரெனொவேட்டட்னு போட்டிருக்காங்க, உள்ள எல்லாமே புதுசு. வாங்கலாமா?

பதில்: கண்ணுக்குத் தெரியறது புதுசு, அவ்ளோதான். இந்த 'ரெனொவேட்டட்'ங்கற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், ஏன்னா நானே அதுல விழுந்தவன். குவார்ட்ஸ் கவுன்டரைத் தடவிப் பார்த்து மயங்கிட்டேன், சிங்க்குக்குக் கீழ கதவைத் திறக்கல. திறந்திருந்தா, பளபளன்னு புதுக் குழாய் ஒரு முழம் வந்து, சுவத்துக்குள்ள நுழையற இடத்துல துருப்பிடிச்ச பழைய பைப்போட சேர்றது தெரிஞ்சிருக்கும். மூணே மாசம், கீழ்வீட்டு சீலிங்ல பழுப்பா வட்டம்.

அதனால பில்டிங்ஸ் டிபார்ட்மென்ட் சைட்ல அட்ரஸை அடிங்க, பர்மிட், வயலேஷன் (விதிமீறல் நோட்டீஸ்) எல்லாம் ஓசியிலயே வரும். ரெண்டு பாத்ரூம் புதுசா இருக்கு, பிளம்பிங் பர்மிட் ஒண்ணு கூட இல்லைன்னா என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அக்ரிஸ்னு சிட்டியோட ஆன்லைன் பத்திரப் பதிவு சைட் இருக்கு, அதுல பத்திரத்தைப் பாருங்க, இப்ப விக்கிறவர் எப்ப, என்ன விலைக்கு வாங்கினார்னு தெரியும். அப்புறம் வெளிய போய் செங்கலைப் பாருங்க. உப்பு பூத்திருக்கா, இடுக்குக் கலவையைச் சாவியால சுரண்டுனா மாவா கொட்டுதா? பழைய செங்கலுக்கு மேல பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் உஷார், ஈரம் உள்ளயே மாட்டி செங்கல் பொரிஞ்சு உதிரும்.

கேள்வி: 10 லட்சம் டாலர் சொல்றாங்க. 9,99,000னு கேட்டா அசிங்கமா இருக்குமா?

பதில்: கேளுங்க. 10 லட்சத்தைத் தொட்டா மேன்ஷன் டாக்ஸ்னு விலை கூடின வீடுகளுக்கான வரி 1%, மொத்த விலைக்கும், வாங்கறவர் தலையில. ஆயிரம் குறைச்சா அந்த 10,000 டாலரும் மிச்சம்.

கேள்வி: போட்டி ஜாஸ்தின்னு இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம்னுட்டோம். கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டு 10% டெபாசிட்டும் குடுத்தாச்சு. இப்ப சுவர்ல ஈரம் தெரியுது. பணம் திரும்ப வருமா?

பதில்: லேசுல வராது. செருப்பு வாங்கப் போனாக்கூட போட்டு நடந்து பார்ப்பீங்கல்ல? ஒரு வழி இருக்கு. முன்னாடி விக்கிறவங்க வாங்கறவருக்கு 500 டாலரை விட்டுக்கொடுத்துட்டு வீட்டோட குறைகளைச் சொல்லாமத் தப்பிச்சுக்குவாங்க, 2024 மார்ச்ல அந்த ஓட்டையை அடைச்சாச்சு, இப்ப குறைகளை ஒரு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தே ஆகணும். அந்த ஃபார்ம்ல தண்ணிக் கசிவு பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு இன்னிக்கே வக்கீல்கிட்ட காட்டுங்க.

கேள்வி: பேஸ்மென்ட்டையும் லீகலா வாடகைக்கு விடலாம்னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப சிட்டியில இருந்து வயலேஷன் வந்திருக்கு. எங்க வருமானக் கணக்கே போச்சு.

பதில்: மனசு கஷ்டமா இருக்குங்க. வாய்கூசாம சொல்லி வித்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, வயலேஷன் வீட்டோடயே உங்களுக்கு வந்துடுச்சு. விளம்பரம், மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, வக்கீலுக்கு அதுதான் ஆயுதம். லீகலா மாத்த முடியுமான்னு ஆர்க்கிடெக்ட்டை வச்சுப் பாருங்க, ஆனா உயரத்துல பாதிக்கு மேல தெருமட்டத்துக்குக் கீழ இருந்தா அது செல்லார், ரொம்பக் கஷ்டம். குடியிருக்கறவங்களை மட்டும் அப்படியே விட்டுடாதீங்க. 2021 செப்டம்பர்ல ஐடா புயல் மழைல இந்த ஊர்ல பேஸ்மென்ட்லயே மாட்டி 11 பேர் செத்தாங்க, நிறைய பேர் குயீன்ஸ்லதான்.

கேள்வி: இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, நாளைக்குள்ள சொல்லுங்கன்னு ஏஜென்ட் அவசரப்படுத்தறார்.

பதில்: நான் வாங்கும்போதும் அதே பார்ட்டி ரெடியாத்தான் இருந்துச்சு. இன்னும் யாரும் கண்ணால பார்க்கல.