பூட்டிய அறையிலிருந்து புதிர்களை விடுவித்து வெளியேறும் எஸ்கேப் ரூம் விளையாட்டில் வருவதைப் போன்ற புதிர்ப்பெட்டியை வீட்டிலேயே வடிவமைத்துச் செய்ய முடியுமா?

முடியும். என் அக்கா மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்காக அப்படியொரு பெட்டியை இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தேன். அதில் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

கடையில் நம்பர் பூட்டு ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று இலக்கப் பூட்டில் 1000 எண்களே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டாலும், எதையும் யோசிக்காமல் அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். மலிவான பூட்டாக இருந்தால், வளையத்தை இழுத்துப் பிடித்தபடி சக்கரத்தைத் திருப்பும்போதே சரியான எண் விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். ஜப்பானின் ஹக்கோனே பகுதியில் செய்யப்படும் ஹிமிட்சு பாக்கோ என்னும் மரப்பெட்டிகளில் பூட்டே கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கப் பலகையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால்தான் அடுத்த பலகை நகரும். பெட்டியின் உடலே புதிராக இருக்க வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் எந்த அறையில் பரிசு இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வடிவமைத்து வாருங்கள். என் பெட்டியின் மேற்பலகை ஒரு பல்லாங்குழி. முன்புறம் பரிசு வைக்கும் பெரிய இழுப்பறையும், பக்கவாட்டில் ஒரு சிறிய இழுப்பறையும் உண்டு. சிறிய இழுப்பறையைத் தடுத்து நிற்பது, சரிவாகத் துளையிட்ட பள்ளத்தில் கிடக்கும் ஓர் இரும்புக் கம்பி மட்டுமே. பெட்டியை இடப்பக்கம் சாய்த்தால் கம்பி உருண்டு விலகும். அது உருளும் ஓசையே முதல் குறிப்பு. (பிளைவுட் தவிர்த்து மரத்தில் செய்கிறவர்கள் இழுப்பறையின் இருபுறமும் சற்று இடைவெளி விட்டு, மெழுகு தேய்த்து வையுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதி இறுகிக்கொள்ளும்.)

சிறிய இழுப்பறைக்குள் ஒரு கடிதமும், சிவப்பு வண்ணம் பூசிய மூன்று சோழிகளும் இருக்கும். பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்தாக எழுபது வெள்ளைச் சோழிகளை இட்டு, குங்குமப் பொட்டு வைத்த குழியிலிருந்து வலப்பக்கமாக ஆடத் தொடங்கி, முதல் முறையாகக் காய்களை வெல்லும்போது நிறுத்தச் சொல்கிறது கடிதம். அப்படி ஆடினால், தொடங்கிய குழியை ஒன்றாகக் கொண்டு எண்ணும்போது ஐந்தாவது, ஆறாவது, பன்னிரண்டாவது ஆகிய மூன்று குழிகள் மட்டும் வெறுமையாக நிற்கும். அவற்றில் சிவப்புச் சோழிகளை வைத்தால் பெரிய இழுப்பறை திறக்கும். பதினான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 364 வழிகளே உள்ளன என்றாலும், ஒவ்வொரு முறையும் சோழிகளை எடுத்து வைக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பல்லாங்குழி விதிகள் வீட்டுக்கு வீடு மாறுவதால், கை ஓய்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும், அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதற்கடுத்த குழியின் காய்களை வென்றெடுக்க வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ஆடுபவருக்குத் தேவையான எல்லாமே பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெளியிலிருந்து தெரிந்துவர வேண்டிய செய்தியில் ஒரு புதிர் தொங்கினால் அது நியாயமான புதிர் அல்ல.

சிவப்புச் சோழிகளின் முதுகை அரத்தால் தேய்த்துத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை வைத்து அடைத்தேன். அந்த மூன்று குழிகளின் அடியில் மட்டும் ரீட் சுவிட்சுகள் உள்ளன. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய உலோக இதழ்கள், காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். மூன்றையும் தொடராக இணைத்திருப்பதால், மூன்றும் மூடினால்தான் மின்சுற்று முழுமை பெறும். இதற்கு ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை தேவையே இல்லை. ஆனால் 12 வோல்ட் சோலனாய்டு பூட்டு (மின்சாரம் பாய்ந்தால் இதன் கம்பிச்சுருள் காந்தமாகிப் பூட்டின் நாக்கை உள்ளிழுக்கும்) இழுக்கும் மின்னோட்டத்தை அந்த மெல்லிய இதழ்கள் தாங்காது என்பதால், இடையில் மின்னணுச் சுவிட்சான ஒரு மாஸ்ஃபெட்டையும், சுருளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடைத் தலைகீழாகவும் இணைக்க வேண்டும். மின்சாரத்துக்கு எட்டு பென்சில் பேட்டரிகள் போதும். சதுரமான 9 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கு ஈடுகொடுக்காது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காந்தத்தைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களைக் கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும்; அது உயிருக்கே ஆபத்து.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, பெட்டியைச் சோதித்துவிட்டு இழுப்பறையைத் தள்ளி மூடிய நான், சிவப்புச் சோழிகளைக் குழிகளிலேயே விட்டுவிட்டேன். இரவு முழுவதும் சுருளில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது. பேட்டரிகள் தீர்ந்ததும் பூட்டின் நாக்கு வெளியே வந்து தானாகப் பூட்டிக்கொண்டது. மாற்ற வேண்டிய பேட்டரிகளோ பெட்டியின் பூட்டிய அறைக்குள் இருந்தன. அடிப்பலகையை அறுத்துத்தான் திறந்தேன். அந்தச் சுருள் சில விநாடிகளுக்கு மேல் மின்சாரம் பெறும்படி செய்யப்பட்டதல்ல; அது சூடேறித் தீப்பிடித்திருக்கவும் கூடும். புதிய அடிப்பலகையைப் பொருத்தியபோது, இழுப்பறை வெளியே வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, திரும்பவும் மூடினாலும் சோழிகளை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் மட்டுமே வேலை செய்யும்படி சுற்றை மாற்றினேன். அடிப்புறத்தில் இரண்டு பித்தளைத் திருகாணிகளைப் பதித்து, உட்புறமாகச் சுருளின் இரு முனைகளோடும் இணைத்தேன். வெளியிலிருந்து 12 வோல்ட் அடாப்டரின் கம்பிகளை அவற்றில் தொட்டால் பெட்டி திறந்துவிடும். டயோடு இருப்பதால் கம்பிகள் மாறிவிடக் கூடாது. எனவே நேர்முனைத் திருகாணியின் அருகே மட்டும் ஒரு சிறு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.