"போர்ட்டலில் பாருங்க" என்கிறார்களே, அங்கே எதைப் பார்ப்பது?

புது நாடு, பெரிய மென்பொருள் நிறுவனம், சேர்ந்து இரண்டு வாரம். எதைக் கேட்டாலும் "போர்ட்டலில் இருக்கு, பாருங்க" என்கிறார்கள், திறந்தால் ஆயிரக்கணக்கில் சர்வீஸ் (தனியாக ஓடும் ஒரு மென்பொருள் பகுதி) பெயர்கள், மறுபடி மறுபடி கேட்டால் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. எந்த சர்வீஸ் எந்த டீம் கையில் இருக்கிறது என்பது பழைய ஆட்களுக்கே மனப்பாடமாக இருக்காது. போர்ட்டல் என்ற இந்த உள் இணையதளம் இருப்பதே முக்கியமாக அந்த ஒரு கேள்விக்குத்தான்.

பல இடங்களில் இது ஸ்பாட்டிஃபை 2020-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ் என்ற போர்ட்டல் கருவியின் மேல் கட்டியதாக இருக்கும். கீழே உள்ளதும் அதை வைத்துத்தான். வேறு கருவி என்றால் பட்டன் பெயர்கள் மாறும்.

முதலில் கேட்டலாக் (சர்வீஸ் பட்டியல்) பக்கத்தில் 'ஓன்டு' (உங்களுக்கு உரியவை) ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். உங்கள் டீமின் சர்வீஸ்கள் வர வேண்டும். காலியாக இருந்தால், பெரும்பாலும் டீம் குரூப்பில் உங்கள் பெயர் ஏறவில்லை என்று பொருள். அந்த ஆள் பட்டியல் பொதுவாக நிறுவனத்தின் ஊழியர் டைரக்டரியிலிருந்து வருவது, போர்ட்டலில் திருத்த முடியாது. மேனேஜரிடம் டைரக்டரி குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒரு சர்வீஸின் பக்கம். லைஃப்சைக்கிள் (அதன் நிலை) 'டெப்ரிகேட்டட்' (கைவிடப்படுவது) என்றிருந்தால் அதை நம்பிப் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஓனர் பெயரைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அந்தப் பக்கம், ரெப்போவில் (அந்த சர்வீஸின் கோடு இருக்கும் இடத்தில்) கிடக்கும் 'கேட்டலாக்-இன்ஃபோ' என்ற யாமல் ஃபைலின் (விவரங்கள் எழுதிய உரை ஃபைல்) நிழல். ஃபைலை யாரும் தொடாமல் டீம்கள் கலைந்து சேர்ந்தால், போர்ட்டல் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். ஓனர் லிங்க் எங்கும் போகாவிட்டால் பெரும்பாலும் அந்த குரூப்பே இப்போது இல்லை. லிங்க் போனாலும் ரெப்போவின் கடைசி நாலைந்து கமிட்களை (கோடு மாற்றங்களை) மெர்ஜ் செய்தவர்கள் (சேர்த்தவர்கள்) அதே டீம்தானா என்று பாருங்கள். அரை நிமிட வேலை, தவறான ஆளிடம் ஒரு நாள் காத்திருப்பது மிச்சம்.

கேட்கும்போது தனி ஆளுக்கு எழுத வேண்டாம், டீமின் சேனலில் எழுதுங்கள். "ஹாய்" போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எதிர்முனை வேறு நேர மண்டலத்தில் இருந்தால் அந்த ஹாய்க்கே ஒரு நாள் போய்விடும். இப்படி எழுதலாம்: "போர்ட்டலில் இந்த சர்வீஸுக்கு உங்கள் டீம் ஓனர் என்றிருக்கிறது. டாக்ஸ் படித்தேன், ரீட்ரை பற்றி இல்லை. 429 வந்தால் எவ்வளவு நேரம் விட்டு மறுபடி அனுப்பலாம்?" (ரீட்ரை என்பது மறுபடி அனுப்புவது; 429 என்பது 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்' என்று சர்வர் தரும் பிழை எண்.) இந்தக் கேள்வியைப் பார்த்து யாரும் உங்களைக் குறைவாக எடைபோட மாட்டார்கள். சர்வீஸ் பக்கத்தில் ஆன்-கால் (அவசரப் பணியில் இருப்பவரை அழைக்கும்) லிங்க் இருந்தால் அதைத் தொடாதீர்கள். புரொடக்‌ஷன் (பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் அமைப்பு) விழுந்தால் மட்டும் அது; சந்தேகம் கேட்க அமுக்கினால் எங்கோ ஒருவர் தூக்கத்திலிருந்து எழுவார்.

யாமல் ஃபைலை நீங்களே திருத்த நேர்ந்தால்: பெயரில் இடைவெளி கூடாது, 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும், உள்தள்ளலுக்கு டேப் கூடாது. மெர்ஜ் செய்த உடனே மாற்றம் தெரியாது. இயல்பான அமைப்பில் கேட்டலாக் ஒவ்வொன்றையும் 100 முதல் 150 விநாடிக்கு ஒருமுறை மறுபடி படிக்கும், தேடல் இன்னும் பிந்தும். பொறுமையிழந்து அதே பெயரில் இரண்டாவது முறை வேறு இடத்திலிருந்து பதிவு செய்தால் முரண் என்று மறுத்துவிடும்.

டெம்ப்ளேட் வைத்துப் புது சர்வீஸ் உருவாக்கும் பக்கம் சோதித்துப் பார்க்கும் இடமல்ல. கடைசி பட்டனை அமுக்கினால் உண்மையான ரெப்போ, சில இடங்களில் பைப்லைனும் (கோடைத் தானாகச் சோதித்து வெளியிடும் தொடர்), உங்கள் பெயரில் முளைக்கும். அழிக்க 'அன்டூ' கிடையாது. இன்னொரு தொல்லை: ரெப்போ உருவான பின் அடுத்த படியில் தவறினால், பாதி வேலை அப்படியே நிற்கும். அதே பெயரில் மறுபடி ஓட்டினால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று விழும். முதலில் லாகில் (ஓட்டத்தின் பதிவில்) எந்தப் படி சிவப்பு என்று பாருங்கள், பெரும்பாலும் அனுமதிச் சிக்கல்தான். அரைகுறை ரெப்போவை நீக்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் போர்ட்டலைப் பராமரிக்கும் பிளாட்பார்ம் டீமின் சேனலில் அந்த லாக் லிங்கைப் போட்டு நீக்கச் சொல்லுங்கள், பிறகு மறுபடி ஓட்டுங்கள்.