பல்ஸ் தொடங்கியதும் 2349 உச்சம் சரிவது சிதைவா?

சிதைவு (மூலக்கூறு கார்பன் மோனாக்சைடாக உடைவது) இல்லை, பெரும்பாலும் அதிர்வுக் கிளர்ச்சிதான் (மூலக்கூறு உடையாமல் கூடுதலாக அதிர்வது). வாயுவில் மின்னிறக்கப் பல்ஸ் தொடங்கிய சில நூறு மைக்ரோசெகண்டில், அகச்சிவப்பு உறிஞ்சல் நிறமாலையில் கார்பன் டை ஆக்சைடின் 2349 செ.மீ⁻¹ உச்சம் சரிந்து, அணைத்த சில மில்லிசெகண்டில் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது என்கிறீர்கள். உடைந்த மூலக்கூறு அவ்வளவு சீக்கிரம் திரும்ப ஒட்டாது.

எலக்ட்ரான் மோதலால் பல மூலக்கூறுகள் சமச்சீரற்ற நீட்சி அதிர்வில் (ஒரு பிணைப்பு நீள, மற்றது சுருங்குவது) ஒரு படி ஏறுகின்றன. ஏறியவை அடுத்து உறிஞ்சுவது 2324 அருகே. அதனால் 2349-இல் ஆள் குறைகிறது. வாயு சூடாகி அடர்த்தி இறங்குவதும் கூடச் சேரும்.

உச்ச உயரத்தை விட்டுவிட்டு, உறிஞ்சளவின் பரப்பை 2250 முதல் 2400 வரை கூட்டிப் பாருங்கள். அதிர்வு மட்டும்தான் என்றால் பரப்பு பெரிதாக மாறாது. அப்புறம் 2143 அருகே உள்ள கார்பன் மோனாக்சைடு பட்டை: சிதைவு என்றால் அது பல்ஸின்போது ஏறி, அணைத்த பின்னும் நிற்க வேண்டும்.

ஒன்று கவனம். பட்டைக்குள் இருக்கும் சுழற்சிக் கோடுகள் (மூலக்கூறு சுழல்வதால் பிரியும் தனித்தனிக் கோடுகள்) மிகக் குறுகியவை. கருவியின் பிரிதிறன் போதாவிட்டால் அவை தெவிட்டியிருப்பது (அங்கே ஒளி முழுக்க உறிஞ்சப்பட்டுவிடுவது) கண்ணுக்கே தெரியாது, பரப்புக் கணக்கும் பொய்யாகும். வாயு இருக்கும் செல்லை வெற்றிடமாக்கியும் 2349 தெரிந்தால் அது அறைக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. ஒளிப்பாதையில் நைட்ரஜன் ஓடவிடுங்கள்.