வயார்த்தால எங்க சாப்பிடுறதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னைல இருந்து மெக்சிகோவுல குவாதலஹாரா நகரத்துக்கு வந்து மூணு வாரம்தான் ஆச்சு, வேலையை வீட்ல இருந்தே பாக்கலாம்னு சொல்லிட்டாங்க, அதனால கடலோரமா புவேர்த்தோ வயார்த்தாவுக்கே குடி வர்றோம், எங்க நல்லா சாப்பிடலாம், எங்க உக்காந்து ஒரு க்ளாஸ் குடிக்கலாம், வீட்ல அவங்க சைவம் அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. நான் தூத்துக்குடி பக்கம், இந்த ஊருக்கு வந்து 11 வருஷம் ஆகுது. முதல் வருஷம் முழுக்க தப்பான நேரத்துல தப்பான தெருவுல சாப்பிட்டேன், உங்களுக்கு அது வேண்டாம்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, இந்த ஊர்ல கடை பேரை விட நேரம்தான் முக்கியம். பிர்ரியாங்கிற கறிக்குழம்பு காலைல, மீன் மத்தியானம், ரொட்டில கறி வச்சு மடிச்ச தாகோ ராத்திரி. நம்ம ஊர்ல இட்லியை ராத்திரி ஒரு மணிக்கும் சாப்பிடலாம், இங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மீன் கடையைத் தேடிப் போனீங்கன்னா ஊர்க்காரங்க கடையெல்லாம் கழுவி மூடியிருக்கும், கடலோரத்துல இங்கிலீஷ் போர்டு வச்ச கடைதான் திறந்திருக்கும், அங்க போய் அதிக காசு குடுத்து சுமாரா சாப்பிட்டு வந்துட்டு வயார்த்தா சாப்பாடு இவ்ளோதானான்னு நினைச்சுருவீங்க. மீன் காலைல வந்தது, மத்தியானத்துக்குள்ள தீரணும், அவ்ளோதான் கணக்கு.

காலைல பிர்ரியா. மிளகாயும் மசாலாவும் அரைச்சு கறியில ஊற வச்சு மெதுவா வேக வைப்பாங்க, அந்த குழம்பை தனியா ஒரு கப்புல குடுப்பாங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெங்காயம் போட்டு குடிச்சா நம்ம வீட்டு ஆட்டுக்கால் சூப் கண்டிப்பா ஞாபகம் வரும். இந்த ஊர் இருக்கற ஹலிஸ்கோ மாநிலத்துல இது முதல்ல ஆட்டுக்கறிதான், இப்ப நிறைய கடைல மாட்டுக்கறி. மாடு சாப்பிட மாட்டீங்கன்னா உக்காருறதுக்கு முன்னாடியே "தே ச்சீவோ"வான்னு கேட்டுக்கோங்க, அதுதான் ஆடு. 12 மணிக்கு மேல போனா பாத்திரம் காலியா இருக்கும்.

ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ளதான் இங்க பெரிய சாப்பாடு. ஃபோந்தான்னு சொல்ற சின்ன மெஸ் மாதிரி கடைல கொமீதா கொர்ரீதான்னு கேளுங்க, சூப், சாதம், ஒரு கறியோ குழம்போ, பீன்ஸ், சூடா தொர்தியான்னு சொல்ற சோள ரொட்டி, கூட ஒரு பெரிய க்ளாஸ் பழத்தண்ணி, எல்லாம் சேத்து ஒரே விலை. கடற்கரைல இருந்து உள்ள தள்ளி பித்தியால்னு ஒரு பகுதி இருக்கு, அங்க சதுக்கத்தை சுத்தி நடந்தாலே இந்த மாதிரி கடை வரிசையா வரும், டூரிஸ்ட் குறைவு, விலையும் குறைவு. சாப்பிட்டு எந்திரிக்கும்போது பக்கத்து டேபிள்காரங்களைப் பாத்து "ப்ரொவேச்சோ"ன்னு சொல்லிட்டுப் போங்க, நல்லா சாப்பிடுங்கன்னு அர்த்தம், முன்ன பின்ன தெரியாதவங்களும் சொல்வாங்க, எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச பழக்கம் இது.

மீனுக்கு வருவோம். இந்த கடலோரத்தோட பெருமைன்னா சரந்தியாதோ. முழு மீனை முதுகுல கீறி புத்தகம் மாதிரி விரிச்சு, மிளகா விழுது, சோயா சாஸ், கொஞ்சம் மயோனைஸ் எல்லாம் பூசி விறகு அனல்ல மெதுவா சுடுவாங்க, பக்கத்து நயாரித் மாநிலத்துல இருந்து வந்த சமையல். கிலோ கணக்குல விலை, அதனால மீனை அடுப்புக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எடை எவ்ளோ விலை எவ்ளோன்னு கேட்டுருங்க, கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பார்கோ, ஹுவாச்சினாங்கோ ரெண்டும் நம்ம சங்கரா மீன் சாதி, முள்ளு பிரச்சினை இல்ல. கையால பிச்சு தொர்தியால வச்சு சாப்பிடுங்க. செவிச்சே, அக்வாச்சிலே ரெண்டும் எலுமிச்சை சாறுல ஊறின பச்சை மீன், பச்சை இறால், அடுப்பே பாக்காதது, அது ஞாபகம் இருக்கட்டும். ஆள் கூட்டமா நிக்கிற தள்ளுவண்டில, மத்தியானத்துக்கு முன்னாடி சாப்பிடுங்க. இறாலுக்கு ஒவ்வொரு வருஷமும் கோடைல மாசக்கணக்குல பிடிக்கத் தடை இருக்கும், வேதான்னு சொல்வாங்க, அப்போ கிடைக்கறது பெரும்பாலும் ஐஸ்ல வச்சதோ பண்ணையில வளத்ததோதான், அந்த மாசங்கள்ல நான் மீனுக்கு மாறிடுவேன்.

லோஸ் முவேர்த்தோஸ் பீச்ல குச்சில குத்தி சுட்ட மீன் விப்பாங்க, அதுக்குப் பேரு எம்பரசாதோ, கர்ப்பமானதுன்னு அர்த்தம் வரும், குச்சில சுட்டதுங்கிறதுக்கான ஸ்பானிஷ் வார்த்தைகளை வேகமா சொல்லிச் சொல்லி இந்தப் பேரு வந்துச்சுன்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. மணல்ல உக்காந்து சாப்பிடலாம். மெக்சிகோவுல கடற்கரை எல்லாருக்கும் பொது, தண்ணில இருந்து 20 மீட்டர் அரசாங்க நிலம், நாற்காலிதான் ரெஸ்டாரண்டோடது. நாற்காலில உக்காந்தா குறைஞ்சபட்சம் இவ்ளோ சாப்பிடணும்னு கணக்கு இருக்கும், உக்காரும்போதே கேளுங்க. ஒரு இடத்துல நான் கேக்காம உக்காந்து, கார்ட் மெஷின்ல வேற டாலர்ல போட்டுட்டாங்க, வீட்டுக்கு வந்து பாத்தப்போ வயிறு எரிஞ்சுது. மெஷின் பேசோவா (இந்த ஊர் காசு) டாலரான்னு கேட்டா எப்பவும் பேசோதான். மெனுல போட்ட விலைல 16 சதவீத வரி சேந்தேதான் இருக்கணும், அது சட்டம். டிப்ஸ் கட்டாயம் கிடையாது, ஆனா 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் குடுக்கறது மரியாதை, அந்த பசங்க சம்பளம் ரொம்பக் கம்மி. அப்புறம் நீங்களா "லா குவேந்தா"ன்னு கேக்காத வரைக்கும் பில் வராது, கொண்டு வந்து வச்சா எந்திரிச்சுப் போன்னு சொல்ற மாதிரின்னு நினைப்பாங்க.

ராத்திரி தாகோ. சோனா ரொமாந்திகாங்கிற பகுதில பசிலியோ பதியோ தெருவுல பஞ்சோஸ் தாகோஸ் இருக்கு, சாயங்காலம்தான் திறப்பாங்க, வரிசை தெருவுக்கு வந்துரும், நின்னு சாப்பிடலாம், தகும். அது அல் பஸ்தோர், பன்றிக்கறி. லெபனான்ல இருந்து வந்தவங்க கொண்டு வந்த ஷவர்மா, இங்க வந்து பன்றிக்கறியாவும் மிளகாயாவும் அன்னாசியாவும் மாறிடுச்சு. அந்த சுத்தற கறிக்கோபுரத்துக்கு த்ரோம்போன்னு பேரு, பம்பரம்னு அர்த்தம், பாத்தா அப்படியேதான் இருக்கும். யாரையாவது வழியனுப்ப ஏர்போர்ட் போனீங்கன்னா நடைபாலம் தாண்டி எதிர்ல தாகோன் தே மார்லின்ல புகை போட்ட மார்லின் மீனை ரொட்டில சுருட்டின புர்ரீதோ ஒண்ணு வாங்கிட்டு வாங்க.

இப்ப வீட்ல அவங்களுக்கு. இத கவனமா படிங்க. "சின் கார்னே", அதாவது கறி இல்லாமன்னு மட்டும் சொன்னா மாட்டுக்கறி இல்லாமன்னு எடுத்துக்கிட்டு கோழியோ ஹாமோ போட்டு குடுத்துருவாங்க, ஏமாத்தணும்னு இல்ல, அவங்க பேச்சுல கார்னேன்னாலே மாடுதான். பீன்ஸ் மசியலை பன்றிக் கொழுப்புல வதக்குவாங்க, அதுக்கு மன்தேகான்னு பேரு. சிவப்பு சாதத்துல கோழி சூப் ஊத்தியிருக்கும். அதனால கறி இல்ல, கோழி இல்ல, மீன் இல்ல, மன்தேகா இல்ல, கோழி கால்தோ (சூப்) இல்லன்னு தனித்தனியா ஒரு துண்டுச்சீட்டுல ஸ்பானிஷ்ல எழுதி வச்சுக்கிட்டு காட்டுங்க, சமையக்காரம்மாவே வெளிய வந்து இது சாப்பிடலாம் இது கூடாதுன்னு சொல்வாங்க, எனக்கு பல தடவை நடந்திருக்கு. பூசணிப்பூவும் சீஸும் வச்சு மடிச்ச தொர்தியா கேசதியா, சப்பாத்திக்கள்ளி வதக்கின நோபாலெஸ், க்ரீம்ல போட்ட நீள மிளகா ராஹாஸ், சீஸ் அடைச்ச ச்சீலே ரெயேனோ, எல்லாம் நல்லா இருக்கும். தெருவுல எலோத்தே, எலுமிச்சையும் மிளகாப்பொடியும் தேச்ச சோளம், பக்கத்துலயே மாங்கா, வெள்ளரிக்கா உப்பு மிளகாப்பொடி போட்டு, அவங்களுக்கு அந்நியமாவே தெரியாது. நவம்பர்ல இருந்து சனிக்கிழமை லாசரோ கார்தெனாஸ் பூங்கால சந்தை போடுவாங்க, அங்கயும் சைவம் நிறைய.

தண்ணி 20 லிட்டர் கர்ராஃபோன்தான், குழாய்த்தண்ணி குடிக்காதீங்க. நடுவுல ஓட்டை இருக்கற உருளை ஐஸ் ஃபேக்டரி ஐஸ், பயப்பட வேண்டாம்.

குடிக்கிறதுக்கு நீங்க மார்கரீட்டா பத்திதான் கேட்டிருந்தீங்க, அது எல்லா மூலைலயும் இருக்கு. நான் சொல்லப்போறது ரைசியா. இந்த மலைப்பக்கத்துக் கத்தாழைல காய்ச்சறது, பல காலம் ஊருக்குள்ளயே மறைவா ஓடினது, 2019ல தான் டெக்கீலா மாதிரி அதுக்கும் புவிசார் பேரு குடுத்தாங்க. சின்ன க்ளாஸ்ல உறிஞ்சி உறிஞ்சி குடிக்கணும், ஒரே மடக்குல ஊத்தாதீங்க, முதல் வாய்ல புகையும் புளிப்பும் பழ வாசனையும் தனித்தனியா வரும். பீர்னா பசிஃபிகோ, பெரிய பாட்டில் வீட்டுக்கு வாங்கினா காலி பாட்டிலைத் திருப்பிக் குடுங்க, டெபாசிட் காசு வரும். தெருவுல நின்னு குடிக்கறது இங்க குத்தம், அதையும் தெரிஞ்சுக்கோங்க.

ஆனா முதல் நாள் சாயங்காலம் இதெல்லாம் விட்டுட்டு மலெகோன் போங்க, கடலோர நடைபாதை. தோள்ல பெரிய சுரைக்குடுவையை வச்சுக்கிட்டு சோளக்கட்டையால வாயடைச்சு ஒருத்தர் நிப்பாரு, தூபா விப்பாரு. தென்னம்பாளையைச் சீவி எடுத்த சாறு தம்பி. நான் முதல் தடவை வாங்கிக் குடிச்சப்போ அங்கயே கைப்பிடிச் சுவர்ல உக்காந்துட்டேன், எங்க தாத்தா பனை ஏறினவர், பயினி, அதான் பதநீர், அந்த வாசனை எனக்கு எங்க இருந்தாலும் தெரியும், இது தென்னைதான் ஆனாலும் அதே இனிப்பு அதே லேசான நுரை. பிலிப்பைன்ஸ்ல இருந்து மணிலா கப்பல்கள்ல வந்தவங்க 16ம் நூற்றாண்டுலயே இந்தக் கடலோரத்துல தென்னை சீவக் கத்துக்குடுத்துட்டுப் போயிருக்காங்க, தூபாங்கிற வார்த்தையே அவங்களோடதுதான். பொடிசா வெட்டின ஆப்பிளும் நட்ஸும் தூவித் தருவாங்க. அன்னிக்கே இறக்கினதுன்னா போதை இருக்காது, வீட்ல அவங்களும் தாராளமா குடிக்கலாம். வெயில் சாயறப்போ போங்க, ரெண்டு க்ளாஸ் வாங்குங்க.

செப்டம்பர், அக்டோபர்ல மழையும் புழுக்கமும், நிறைய ரெஸ்டாரண்ட் லீவு விட்டுருவாங்க, பித்தியால் கடைங்க அப்பவும் இருக்கும். எந்தத் தெருவுல வீடு பாத்திருக்கீங்கன்னு சொல்லுங்க, அங்க இருந்து நடந்து போற தூரத்துல எது இருக்குன்னு எழுதறேன்.