வீட்டு வருமானமும் பிள்ளைகளின் படிப்பும்: கேள்வி பதில்

ஏழை வீட்டுப் பிள்ளைகளும்தானே முதலிடம் வாங்குகிறார்கள்? வருமானத்தை ஏன் இழுக்கிறீர்கள், சார்?

வாங்குகிறார்கள், பெருமைப்படுகிறேன். ஆனால் அது செய்தியாகிறதே, அதிலேயே தெரியவில்லையா அது எவ்வளவு அரிது என்று? அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966-ல் வந்த கோல்மன் அறிக்கை, பள்ளிகளுக்கிடையே உள்ள வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணிக்குத்தான் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்பு என்றது.

அப்படியானால் பள்ளிக்குக் கொட்டுகிற பணம் வீண்தானே?

இல்லவே இல்லை. கோல்மனைப் படித்த பலர் இப்படித்தான் அவசரப்பட்டார்கள். அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் பள்ளி நிதி கூடிய இடங்களில் படித்தவர்களை, அவர்கள் பெரியவர்களாகும்வரை ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ என்ற மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2016-ல் வெளியான முடிவு இது: 12 வருடமும் மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடினால், படிப்பு சராசரியாக 0.31 வருடம் நீள்கிறது, சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். அந்தப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்கும் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் போயிருந்தது. பளபளக்கும் முகப்புக் கட்டினால் இந்தப் பலன் வருமென்று நான் நம்பவில்லை.

நான் ஆசிரியை. வறுமையால் பின்தங்குகிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள், மேடம். கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்து நோட்டையே எட்டி எட்டிப் பார்த்து எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று அதட்டுவோம். அவனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணாடி வாங்க வீட்டில் பணமில்லை, சொல்லவும் கூச்சம். சீனாவின் கான்சு மாகாணத்துக் கிராமப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள்; போட்டுக்கொண்ட பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. நாளைக்கே அவனை முன்வரிசைக்கு மாற்றுங்கள். அதற்குச் செலவே இல்லை.

வகுப்பில் பிள்ளைகளைக் குறைத்தால் பலன் உண்டா?

உண்டு, முக்கியமாக ஆரம்ப வகுப்புகளில். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள் 22 முதல் 25 பேர் இருந்தவற்றை முந்தின.

எனக்கு டியூஷன் வைக்க வசதியில்லை. லீவில் என் மகள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாளோ என்று பயம்.

பயம் நியாயமானதுதான் அம்மா. பள்ளி மூடினால் புத்தகமும் நின்றுபோகும் வீடுகளில்தான் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். புளோரிடாவில் மூன்று கோடை விடுமுறைகளுக்குத் தலா 12 புத்தகங்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். வாசிப்பு மேம்பட்டது, வசதி குறைந்த பிள்ளைகளிடம் கூடுதலாக. தேர்ந்தெடுத்ததும் பிள்ளைகளேதான். உங்கள் மகளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் அவளையே எடுக்கவிடுங்கள். சினிமாப் பத்திரிகையை எடுத்தாலும் தடுக்காதீர்கள்.