பணம் கட்டிய பிறகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் கலெக்ஷன் ஏன் நிற்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். வீடு மாறியபோது பழைய செல்போன் கம்பெனியின் கடைசி பில் என் கைக்கு வந்து சேரவில்லை. 2022 மார்ச்சில் கட்ட வேண்டிய 340 டாலர் வசூல் நிறுவனத்துக்குப் போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். ஆனாலும் என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் கலெக்ஷன் (வசூலுக்குப் போன பாக்கி) என்று இன்னும் நிற்கிறது, கடன் தகுதியைக் காட்டும் ஸ்கோரும் ஏறவில்லை. சும்மா விட்டிருக்கலாமோ? விரைவில் வீட்டுக்கடன் வாங்க வேண்டும். இதை நீக்க வழி உண்டா?

பதில்: சும்மா விட்டிருக்கக் கூடாது. நீங்கள் கட்டியதுதான் சரி. கட்டாத பாக்கியை ஒரு வசூல் நிறுவனம் இன்னொன்றுக்கு விற்கலாம், உங்கள் மேல் வழக்குப் போடலாம். அந்தக் கவலை உங்களுக்கு இனி இல்லை.

ஆனால் பணம் கட்டினால் பாக்கி தீருமே தவிர, பதிவு அழியாது. இதைப் பலரிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால்தான் இந்த ஏமாற்றம். சட்டம் அனுமதிக்கும் காலம் ஏழு ஆண்டு, அதற்கு மேல் அதிகபட்சம் 180 நாள். முக்கியமானது, இந்தக் கணக்கு நீங்கள் முதலில் தவறிய தேதியிலிருந்து ஓடுகிறது. பணம் கட்டிய நாளிலிருந்தோ, வசூல் நிறுவனம் கையில் எடுத்த நாளிலிருந்தோ அல்ல. ஆக, உங்கள் பதிவு 2029-ஐத் தாண்டி நிற்கக் கூடாது. கட்டியதால் காலம் புதிதாகத் தொடங்கிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் வேறொரு விஷயத்தோடு குழப்புகிறார்கள். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு என்று தனியாக ஒன்று உண்டு. பழைய கடனில் சிறு தொகை கட்டினாலும் பல மாநிலங்களில் அது மறுபடி உயிர் பெறும். முழுதாகக் கட்டி முடித்த உங்களுக்கு அது பொருந்தாது.

ஸ்கோர் ஏன் ஏறவில்லை? எல்லாரும் ஒரே ஸ்கோரைப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். ஸ்கோர் போடும் முறைகளில் பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ 8, கலெக்ஷன் கட்டப்பட்டதா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தொடக்கத் தொகை 100 டாலருக்குக் கீழே இருந்தால் மட்டும் விட்டுவிடும். உங்களுடையது 340. பின்னால் வந்த ஃபைக்கோ 9, வான்டேஜ்ஸ்கோர் 3.0, 4.0 ஆகியவை கட்டி முடித்த கலெக்ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீட்டுக்கடனில் நெடுங்காலமாகப் பார்க்கப்படுபவையோ ஃபைக்கோ 2, 4, 5 என்ற இன்னும் பழைய முறைகள். அதனால் போனில் இலவசமாகக் காட்டும் ஸ்கோரை நம்பி வீடு பார்க்கப் போகாதீர்கள். எந்த ஸ்கோரைப் பார்ப்பீர்கள் என்று கடன் அதிகாரியிடமே முதலில் கேளுங்கள். அப்புறம், வீட்டுக்கடன் விண்ணப்பத்தை மெஷின் மட்டும் பார்ப்பதில்லை, ஆளும் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு, பாக்கி பூஜ்ஜியம் என்று இருப்பதும் இன்னும் கட்டாமல் கிடப்பதும் ஒன்றல்ல.

மருத்துவமனை பில் என்றால் கதையே வேறு. 2022 ஜூலை முதல், கட்டி முடித்த மருத்துவக் கலெக்ஷன்களை, கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுகின்றன. செல்போன் பில்லுக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற அந்த மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுங்கள். வாரம் ஒரு முறை கூட எடுக்கலாம். ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தாது, அதனால் மூன்றையும் வரி வரியாகப் படியுங்கள். பாக்கி பூஜ்ஜியம் என்று இருக்கிறதா? முதலில் தவறிய தேதி 2022 தானா, இல்லை பிந்தைய தேதி போட்டிருக்கிறார்களா? அதே கடன் வேறு வசூல் நிறுவனத்தின் பெயரில் இரண்டாவது முறை வந்திருக்கிறதா? செல்போன் கம்பெனியே தனியாக ஒரு பதிவு போட்டிருக்கிறதா? இவற்றில் ஏதாவது தவறு இருந்தால், பணம் கட்டிய ரசீதை இணைத்து அந்த ரிப்போர்ட் நிறுவனத்திடம் ஆட்சேபம் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், "இது என் கடனே இல்லை" என்று ஆட்சேபம் போட வேண்டாம். அது பொய், வீட்டுக்கடன் நேரத்தில் தேவையில்லாத சிக்கல். அதற்குப் பதில் வசூல் நிறுவனத்துக்கும் செல்போன் கம்பெனிக்கும் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். முகவரி மாறியதால் பில் வரவில்லை, தெரிந்ததும் முழுதாகக் கட்டினேன், பதிவை நீக்க முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் நீக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, சிலர் நீக்குவதுண்டு. இன்னும் கட்டாத வாசகர்கள் இதைக் கட்டுவதற்கு முன்பே பேசி, நீக்குகிறோம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு அவர்களுக்கு அதில் அக்கறை குறைந்துவிடும்.

காசு கொடுத்தால் ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவைச் சட்டப்படி அழிக்கும் வழி அவர்களிடமும் கிடையாது. அந்தப் பணத்தைக் கிரெடிட் கார்டு பாக்கியைக் குறைக்கப் பயன்படுத்துங்கள். கார்டு வரம்பில் எவ்வளவு பங்கு செலவாகியிருக்கிறது என்பது ஸ்கோரில் பெரிய இடம் பிடிக்கிறது. அதைக் குறைத்தால், கார்டு கம்பெனி அடுத்த முறை கணக்கு அனுப்பியதும், அதாவது ஓரிரு மாதத்திலேயே, பலன் தெரியும்.